காபூல், கீழூர், பெரியப்பா

15 ஆகஸ்ட் 2021, ஞாயிறு

சாயங்காலம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பெரியப்பா வீடு. டிவியில் சுதந்திர தினம் போய்க் காபூல் வந்துவிட்டது. ஆப்கன் அதிபர் அஷ்ரப் கனி நாட்டைவிட்டே போய்விட்டார். ராத்திரி அதிபர் மேசையைச் சுற்றித் துப்பாக்கியோடு தாலிபான்கள். 2001 நவம்பரில் இதே ஊரை விட்டு இரவோடு இரவாக ஓடியவர்கள். அன்றைக்கு ‘போர் முடிந்தது’ என்று நானும்தான் நம்பினேன்.

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அல்ஜீரியா பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது அதன் விடுதலைப் போரில் பிரான்ஸ் பக்கம் நின்றவர். 88 வயது. வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “57லயே அல்ஜியர்ஸ்ல ஜெயிச்சாச்சுன்னாங்கப்பா. குண்டு வைக்கிறவனெல்லாம் பிடிபட்டான், ஊரே கப்சிப். 62ல நாங்கதான் கப்பல் ஏறினோம்.”

16 ஆகஸ்ட், திங்கள்

விமானத்தின் பின்னால் ஓடுகிற கூட்டம். பார்க்க முடியாமல் அணைத்துவிட்டேன்.

இன்று புதுச்சேரிக்கும் ஒரு நாள். 1962-ல் இதே தேதியில்தான் நாம் பிரான்ஸிடமிருந்து சட்டப்படி இந்தியாவிடம் வந்தோம். (பாதிப் பேருக்கு லீவு என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.) 1954 அக்டோபர் 18-ல் இங்கே கீழூர் கிராமத்தில் 178 மக்கள் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170, வேண்டாமென்று 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் அல்ஜீரியப் போர் முடியும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம், புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தைத் தொடவில்லை. ஜூலையில் அல்ஜீரியாவுக்கு விடுதலை, ஆகஸ்டில் நமக்குக் காகிதம். பெரியப்பாவின் தோல்விக்கும் ஊரின் கொடிக்கும் இப்படி ஒரு முடிச்சு.

அந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்தது அதன் குமாஸ்தாத்தனம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் சொல்லலாம் என்பதுவரை எழுதி வைத்தார்கள். சொல்தாக்களுக்கு இன்றும் பிரான்ஸிலிருந்து பென்ஷன் வருகிறது.

20 ஆகஸ்ட், வெள்ளி

நண்பர் போனில் சண்டைக்கு வந்தார். “அங்க குண்டு, இங்க ஓட்டுச்சீட்டு. ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடற?” சரிதான். ஆனாலும் அந்த எட்டு ஓட்டு மனசை விட்டுப் போகவில்லை. வேண்டாம் என்றவர்களையும் கூப்பிட்டு, எண்ணி, எழுதி வைத்திருக்கிறார்கள்.

2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் ஆப்கனின் புது அரசைப் பற்றிப் பேசியபோது தாலிபான்களுக்கு நாற்காலி இல்லை. பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடாதவர்களோடு என்ன பேச்சு என்று அன்று நானும் கேட்டிருப்பேன். 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்கா அவர்களோடேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது. இந்தத் தடவை நாற்காலி இல்லாமல் நின்றது காபூல் அரசு!

ஒரு அரசைக் கவிழ்க்கச் சில வாரம் போதும் என்று 2001 காட்டியது. அதை வெற்றி என்று எண்ணிக்கொண்டதுதான் கோளாறு. எங்கோ ஒரு மாவட்டத்துப் போலீஸ்காரன் கையில் மாதச் சம்பளம் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்திருக்க வேண்டும். ஆப்கன் படையிலோ இல்லாத சிப்பாய்களின் பெயரில் பணம் போய்க்கொண்டிருந்தது. பெயர்ப் பட்டியலா சண்டை போடும்?

1 செப்டம்பர், புதன்

கடைசி அமெரிக்க விமானம் நேற்று முன்தினம் நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பிவிட்டது. காபூலில் வானத்தைப் பார்த்துச் சுட்டுக் கொண்டாடினார்கள். வாஷிங்டனில் பைடன், ஆட்களை வெளியேற்றிய பணி அபாரமான வெற்றி என்றார். ஆக இரண்டு பக்கமும் ஜெயித்தாயிற்று. அடுத்த படம், காபூலில் வங்கி வாசலில் வரிசை. வாரத்துக்கு 200 டாலருக்கு மேல் எடுக்க முடியாதாம்.

பெரியப்பாவின் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று அனுப்ப வேண்டும். ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். கண் டிவியிலேயே இருந்தது அவருக்கு.

“அந்த ஊர்ச் சிப்பாய்க்கு இந்த மாசச் சம்பளம் யாருப்பா குடுப்பாங்க?”

“தெரியல பெரியப்பா” என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.