மருதாணி காயும் நேரம்

நவம்பர் 8, 2025, சனி

தீபாவளிக் கூட்டம் வடிந்துவிட்டது. இனி மார்ச் வரை, சிங்கப்பூருக்கு உல்லாசக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களின் கூட்டம்.

பத்தேகாலுக்கு முதல் பேருந்து. எங்கள் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேன் முனையில் நாற்பது பேர் இறங்கினார்கள். எல்லார் சட்டையிலும் 14 என்று வட்டமாக ஓர் ஒட்டுத்தாள், கைடு கையில் அதே எண் எழுதிய மட்டை. "பதினோரு மணிக்கு இதே இடம்" என்று அவர் இரண்டு தரம் சொன்னது என் கடை வரை கேட்டது. ஆக நாற்பத்தைந்து நிமிடம். தேக்கா நிலையத்துக் கழிப்பறை வரிசையில் கால் மணி நேரம் போய்விடும். கெர்பாவ் ரோட்டில் டான் டெங் நியா வீட்டின் வண்ணச் சன்னல்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்கப் பத்து நிமிடம். 1900இல் கட்டிய வீடு. தேக்காவில் அதிகம் பேர் பார்க்கிற 'கடை' அதுதான், பாவம், ஒரு வெள்ளி வரும்படி கிடையாது.

மருதாணி ஒரு கைக்கு ஆறு வெள்ளி. ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவேன். காய அரை மணி நேரமாவது வேண்டும், நிறம் பிடிக்க இன்னும் கூட. போன வாரம் ஓர் ஆஸ்திரேலியப் பாட்டி ஈரக் கையோடு பேருந்தில் ஏறி, இருக்கையில் ஒரு மாங்காயையும் இரண்டு கொடியையும் அச்சு அசலாகப் பதித்துவிட்டார். இன்று அந்த கைடு வந்து, "அக்கா, கடைசி இருபது நிமிஷத்துல யாருக்கும் போடாதீங்க, டிரைவர் என்னைத் திட்டுறார்" என்றார். சரி என்றேன். அவர் போன பிறகு கணக்குப் போட்டேன். நாற்பத்தைந்தில் கழிப்பறை பதினைந்து, படம் பத்து, கடைசி இருபது. எனக்கு மிஞ்சுவது பூஜ்யம். இருந்தும் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். கழிப்பறை வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களாக இருக்க வேண்டும்.

சீக்கிரம் காயும் 'கறுப்பு மருதாணி' இருக்கிறதா என்று ஒரு பெண் கேட்டாள். நான் வைப்பதில்லை. தலைச்சாயத்தில் சேர்க்கிற பிபிடி என்ற ரசாயனத்தைக் கலந்துதான் அந்தக் கறுப்பு வருகிறது. சிலருக்குத் தோல் கொப்பளித்துப் போகும். பாக்கியுள்ள பயணம் முழுக்க அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான். சொன்னேன். தலையாட்டிவிட்டு வேறு கடை பார்க்கப் போனாள்.

நவம்பர் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கப்பலை யார் நினைக்கிறார்கள்? ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த தம்பிகள் எல்லாரும் இங்கேதான், சாலையில் கால் வைக்க இடமில்லை. என்னிடம் வாங்க அவர்களுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பேசும்போது நிழலுக்கு என் குடைக்குக் கீழே நிற்பார்கள். நிற்கட்டும்.

நவம்பர் 12, புதன்

அரை நாள் கடையைச் சாத்திவிட்டு அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கலாம் என்றார். இறங்கினால் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். சேஞ்ச் அலி.

பதினாறு வயதில் அங்கே காசு மாற்றும் ஒரு பாயிடம் எடுபிடியாகச் சேர்ந்தவர் அப்பா. கொல்லியர் கீக்கும் ராஃபிள்ஸ் பிளேஸுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து, இரு பக்கமும் நெருக்கியடித்துக் கடைகள். கைக்கடிகாரப் பட்டை, தோல் பை, பனியன், பொம்மை. கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் படகில் வந்து கிளிஃபர்ட் பியரில் இறங்குவார்கள். சாலையைத் தாண்டினால் சந்து. "கப்பல்காரன் வழி கேக்க வேண்டியதே இல்ல, நேரா நம்ம வாய்லதான் வந்து விழுவான்" என்பார். ஐந்து மொழியில் நூறு வரை எண்ணுவார். 'கடைசி விலை'யை ரஷ்ய மொழியில் இன்றும் சொல்வார், சரிதானா என்று கேட்க எனக்கு ரஷ்யர் யாரையும் தெரியாது.

பாய் சொல்லிக்கொடுத்தது என்று மூன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கேட்கிற விலைக்குச் சிரிக்காதே. நோட்டை வெளிச்சத்தில் பிடிக்காமல் பையில் போடாதே. கப்பல்காரனுக்குக் கடன் கொடுக்காதே, கப்பல் திரும்பி வந்தாலும் ஆள் வரமாட்டான்.

பழைய சந்தை 1989இல் மூடினார்கள். இப்போது அது குளிரூட்டிய நடைபாதை, பெயர் மட்டும் அதேதான். 1933இல் திறந்த கிளிஃபர்ட் பியரிலிருந்து 2006இல் படகுகளை மரினா சவுத் பியருக்கு மாற்றினார்கள். கட்டடம் இன்று ஒரு பெரிய ஹோட்டலோடு சேர்ந்துவிட்டது. அப்பா உள்ளே எட்டிக் கூரை வளைவுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் காப்பி விலையைப் பார்த்தேன். இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டோம்.

திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் ஒரு கேள்வி கேட்டார். கப்பலை ஏன் அவ்வளவு தள்ளிக் கொண்டுபோய் வைத்தான்? ஹார்பர்ஃபிரண்டில் முனையம் இருக்கிறது, வாசலிலேயே விவோசிட்டி பேரங்காடி. ஆனால் செந்தோசா தீவுக்குப் போகும் கேபிள் கார் கம்பி மேலே ஓடுகிறது. ஏறக்குறைய 52 மீட்டருக்கு மேல் உயரம் என்றால் கப்பல் அங்கே நுழைய முடியாது. "ஆமா, எண்பத்திமூணு" என்றார் அப்பா உடனே. 1983 ஜனவரியில் எண்ணெய்த் துளைப்புக் கப்பல் ஒன்றின் கோபுரம் அந்தக் கம்பியில் மாட்டி, பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் செத்துப்போனார்கள். ராத்திரியெல்லாம் ஹெலிகாப்டர் சத்தம் என்றார்.

அந்த உயரத் தடையால்தான் 2012இல் மரினா சவுத்தில் புதுக் கப்பல் நிலையம். எவ்வளவு உயரமான கப்பலும் வரலாம், 6,800 பயணிகளைக் கையாளும் அளவுக்குக் கட்டினார்கள். வெளியே வந்தால் சாலையும் கடலும்தான். சந்தும் இல்லை, கூவி அழைக்க ஆளும் இல்லை. யார் பேருந்தில் ஏற்றுகிறார்களோ அவர்கள் கையில்தான் பயணி.

"அப்ப உன் சாமர்த்தியத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டார் அப்பா. பதில் சொல்வதற்குள் நாங்கள் இறங்க வேண்டிய ஈசூன் நிலையம் வந்துவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை முதல் நாள். விடியற்காலையிலிருந்து மாலை போட வருகிறவர்கள். பூக்கடை அண்ணனுக்குத் தலை நிமிர நேரமில்லை, நானும் போய்த் துளசி கட்டிக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்குப் பேருந்து. ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஆசையாக இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைக்கச் சொன்னார். ஹேர்பின் தேடி நான்தான் வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார், பூ கையில். பூ, பழம், செடி எதையும் கப்பலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று கைடு சொல்லிவிட்டாராம். பணம் திரும்பக் கேட்கவில்லை, பூவை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணன் அதை வாங்க மறுத்துவிட்டார். தலையில் வைத்த பூவைத் திரும்ப எப்படி விற்பது? கடைசியில் அது என் தலைக்கு வந்தது.

சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். கப்பலில் மூன்று வேளையும் காசு கட்டியாகிவிட்டது, பிறகு இங்கே பிரியாணிக்கு யார் செலவு செய்வார்கள்? இளநீர் போகும். அதுவும் ஒன்று வாங்கி இரண்டு உறிஞ்சுகுழல் கேட்பார்கள்.

நவம்பர் 22, சனி

சுற்றுலா நிறுவனம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் எழுதப் போவதில்லை. அழகாகப் பேசினார். என் கடையை 'நிறுத்தம்' ஆக்கிவிடலாமாம், அதாவது பேருந்து இறங்கியதும் முதல் பத்து நிமிடம் நேராக என்னிடம் அழைத்து வருவார்கள். விற்பனையில் நூற்றுக்கு இருபத்தைந்து அவர்களுக்கு.

பயணி கப்பலில் இந்தச் சுற்றுலாவுக்குக் கட்டுகிற பணத்தில் கப்பல்காரருக்கு ஒரு பங்கு, இங்குள்ள ஏற்பாட்டாளருக்கு ஒரு பங்கு, பேருந்துக்கு, கைடுக்கு. எல்லாம் போய்த்தான் ஆள் தெருவில் இறங்குகிறார். இனி என் ஆறு வெள்ளியிலும் ஒன்றரை. விலையை எட்டாக ஏற்றினால் சரியாகப் போகும், எதிர்வரிசையில் ஒருவர் அதைத்தான் செய்திருக்கிறார். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளும் கல்யாணத்துக்கு என்னிடம்தான் வருகிறார்கள். அவர்களிடம் எட்டு என்று எந்த வாயால் சொல்வது?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பத்து நிமிடம் என்பது ஆசையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

நவம்பர் 26, புதன்

சென்னையிலிருந்து ஒரு குடும்பம், பெட்டி படுக்கையோடு. பக்கத்துத் தெரு ஹோட்டலில் ஓர் இரவு தங்கிவிட்டு நாளைக்குக் கப்பல் ஏறுகிறார்கள். இந்தியாவிலிருந்து உல்லாசக் கப்பலுக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம். கப்பலில் ஜைனச் சாப்பாடு வரை கிடைக்கிறதாம். சாயங்காலம் முழுக்கத் தெருவில் நடந்தார்கள், நேரம் ஏராளம். அம்மா என் வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க பாண்டி பஜார்லயே கிடைக்குமே" என்றார். கிடைக்கும்தான். எனக்கே அங்கிருந்துதான் வருகிறது, அதை நான் சொல்லவில்லை.

"கோடாலித் தைலம் இருக்கா?" என்றார். முகத்தைப் பார்த்துச் சொன்னேன், இருக்கிறது. இரண்டு டஜன் வாங்கினார். பக்கத்து வீடு, ஓரகத்தி, வேலைக்காரம்மா என்று பெயர் சொல்லி எண்ணினார். என் கடையில் வளையலுக்கு ஒரு சுவர், தைலத்துக்கு ஒரு தட்டு. தட்டுதான் வாடகை கட்டுகிறது.

2020 கடைசியில் 'எங்கும் போகாத கப்பல்' விட்டார்களே, அது நினைவுக்கு வந்தது. கிருமித்தொற்றுக் காலத்தில் உள்ளூர்க்காரர்களையே ஏற்றி, கடலில் சுற்றிவிட்டு இங்கேயே கொண்டுவந்து இறக்கினார்கள். என் நாத்தனார் போய்வந்தாள். துறைமுகத்தில் கப்பல், தெருவில் ஒரு ஈ காக்கை கிடையாது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகைத் தீபம். அகல் விளக்கு கடைசி டஜன் மதியமே தீர்ந்தது. தூறலில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான், கையில் மடித்த காகிதம். "அக்கா, தமிழா?" என்றான்.

தூத்துக்குடி. கப்பலில் சலவைப் பிரிவு. பயணிகள் பழைய கூட்டம் இறங்கி, அதே நாள் சாயங்காலத்துக்குள் புதுக் கூட்டம் ஏறும். இடையில் அத்தனை அறைப் படுக்கை விரிப்பும் மாற வேண்டும். "துறைமுகம்னா உங்களுக்கு ஊர் சுத்துறது அக்கா, எங்களுக்கு இடுப்பு ஒடியுற நாள்" என்றான். முறை வைத்து வெளியே விடுவார்கள், இன்று அவனுக்கு நான்கு மணி நேரம். மரினா சவுத் பியரில் ரயில் ஏறி, தோபி காட்டில் மாறி, லிட்டில் இந்தியா.

காகிதத்தில் பன்னிரண்டு பேருடைய பட்டியல். தேங்காய் எண்ணெய், ரப்பர் செருப்பு எட்டாம் எண், எலுமிச்சை ஊறுகாய், சாம்பிராணி சோப்பு, சிம் கார்டு, முறுக்கு, ஒருவருக்குப் பேன்சீப்பு. என்னிடம் இருந்தது தைலமும் சோப்பும்தான். கடையை அண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பையனோடு நான்கு கடை ஏறி இறங்கினேன். எங்கே எது மலிவு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த நான்கு கடையிலும் கூட்டிப் பார்த்தால், பேருந்து 14இன் நாற்பது பேரும் சேர்ந்து செலவழித்ததை இவன் ஒருவன் தாண்டிவிட்டான்.

கடைசியில் பணம் இடித்தது. பதினெட்டு வெள்ளி நாற்பது காசு நான் போட்டேன். "அடுத்த தடவை தந்துடுறேன் அக்கா." நோட்டில் பென்சிலால் எழுதினேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 6, சனி

நிறுவனத்துக்காரருக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது. கோபமா மரியாதையா தெரியவில்லை.

அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, பதினெட்டு வெள்ளி விஷயம். பூக்கடை அண்ணன்தான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "எந்தக் கப்பல்?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 15, திங்கள்

இன்றைக்குத்தான் டிஸ்னியின் புதுக் கப்பல் இங்கிருந்து முதல் பயணம் கிளம்புவதாக இருந்தது. மார்ச் 10க்குத் தள்ளிவிட்டார்கள். ஏறக்குறைய 6,700 பயணிகள். மூன்று இரவு, நான்கு இரவு, நடுவே எந்தத் துறைமுகத்திலும் நிற்காது, கப்பலே ஊர். எதிர்வரிசைக்காரர் அதற்காகக் கடைக்குப் பெயின்ட் அடித்துவிட்டார், இப்போது மழையில் வழிகிறது. பயணிகளைப் பற்றி எனக்கு ஒரு கணக்கும் வரவில்லை. அத்தனை பேருக்கு எத்தனை சலவைக்காரர் வேண்டும் என்றுதான் மனது போகிறது. எட்டாம் எண் செருப்பு வாங்கி வைக்கலாமா?

ஒரு மணிக்கு ஒரு பிலிப்பினோ பெண் குடையை மடக்கிக்கொண்டு வந்து கவரை நீட்டினாள். உள்ளே இருபது வெள்ளி நோட்டு, தமிழில் ஒரு சீட்டு. "அக்கா, இன்னைக்கு எனக்கு வெளியே விடலை. மீதி ஒரு வெள்ளி அறுபதுக்கு முறுக்கு கொடுத்து விடுங்க." நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பழக்கம். பிறகு முறுக்கைக் கட்டிக் கொடுத்தேன், கொஞ்சம் கூடவே.

அவள் போகவில்லை. மருதாணிப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் போட்டால் மேலாளர் விடமாட்டாராம், சீருடை விதி. காலில் போடலாமா, காலணிக்குள் யாருக்கும் தெரியாது என்றாள். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டேன். நான்கு மணி. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து.

முக்காலியை இழுத்துப் போட்டேன். குதிகாலிலிருந்து ஆரம்பித்தேன்.