நான்கரை நிமிடக் கணக்கு

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் மண் ஆய்வுப் பொறியாளராகப் பணியாற்றிய ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "2018-லேயே இந்த மேடு அசையவில்லையே" என்பதுதான். டர்னகெயின் பகுதியில், கடலைப் பார்த்த மேட்டின் விளிம்பருகே கூடுதல் அறை கட்ட விரும்பிய வீட்டுக்காரர் ஒருவரும் அதையே சொன்னார். 2018 நவம்பர் 30 காலை 7.1 அளவில் வந்த நிலநடுக்கம் நகரத்துச் சாலைகளையே பிளந்தது என்பதால், அவருடைய வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

அவர் வீட்டருகே 1964 மார்ச் 27, புனித வெள்ளி மாலை 5.36-க்கு நிலம் குலுங்கத் தொடங்கி, ஏறத்தாழ நான்கரை நிமிடம் ஓயவில்லை. 9.2 அளவிலான அந்த நடுக்கத்தில், சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு மேட்டின் விளிம்பு துண்டு துண்டாக உடைந்து கடலை நோக்கி நகர்ந்தது. எழுபத்தைந்து வீடுகள் அளவுக்கு அழிந்தன. குலுங்கல் தொடங்கிய உடனேயே மேடு சரிந்துவிடவில்லை, ஏறத்தாழ இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தது. என் பார்வையில் இந்தக் கதையின் முக்கியமான செய்தி அந்த இரண்டு நிமிடம்தான்.

மேட்டின் அடியில் இருப்பது பூட்லெக்கர் கோவ் களிமண். மண் மாதிரி எடுக்கும் ஷெல்பி குழாயிலிருந்து வெளியே தள்ளும்போது நீலச் சாம்பல் நிறத்தில், சோப்புக் கட்டியைப் போலக் கத்திக்கு வழவழப்பாக வெட்டுப்படும். அதன் சில அடுக்குகளை, ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காமல் உள்ளங்கையில் பிசைந்தால் தோசை மாவுப் பதத்துக்குத் தளர்ந்து விரலிடுக்கில் வழியும். கடலில் படிந்த இத்தகைய களிமண்ணில், பின்னாளில் நன்னீர் ஊறி உப்பைக் கழுவிவிட்டாலும் துகள்களின் பழைய அடுக்குமானம் அப்படியே நிற்பதாகவும், கலைத்தால் மீண்டும் கூடுவதில்லை என்றும் விளக்குவார்கள். 1967-இல் சீட், வில்சன் என்ற ஆய்வாளர்கள், மணல் அடுக்குகள் குலுங்கலில் வலுவிழந்து நீர்மமானதையே சரிவின் முதற்காரணமாகக் கருதினர். பின்வந்த ஆய்வுகள் களிமண்ணின் பக்கம் சாய்ந்தன. என் கை அனுபவமும் அந்தப் பக்கமே.

முதல் குளிர்காலத்தில் நான் செய்த பிழையையும் சொல்லிவிட வேண்டும். அவசரத்தில் மாதிரிக் குழாய்களை நிமிர்த்தி வைக்காமல் வண்டியின் பின்தட்டில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன். வழியில் குலுங்கி மண் கலைந்துவிட்டதால், துளையிடத்தில் வேன் சோதனை (இதழ்த் தகட்டை மண்ணுக்குள் செலுத்தித் திருகிப் பார்ப்பது) காட்டிய வலிமைக்கும் ஆய்வகத்தில் கிடைத்ததற்கும் பொருத்தமே இல்லாமல் போயிற்று. துளையிடுநர் ஒரு வார்த்தை திட்டவில்லை, மறுநாள் அதே இடத்தில் புதிதாகத் துளையிட்டார். செலவு எங்கள் கணக்கில் ஏறியது.

ஆகவே வீட்டுக்காரரிடம் நான் பேசியது அதிர்வின் அளவைப் பற்றியல்ல, நேரத்தைப் பற்றி. 2018-இல் முறிந்தது, அமிழ்ந்து செல்லும் பசிபிக் புவித்தட்டின் உட்பகுதி, அதுவும் ஆழத்தில். வலுவான குலுங்கல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. 1964-இல் முறிந்ததோ வட அமெரிக்கத் தட்டும் பசிபிக் தட்டும் உரசும் எல்லையே, சுமார் 800 கிலோமீட்டர் நீளத்துக்கு. அவ்வளவு தூரம் முறிவு ஓடுவதற்கே நிமிடங்கள் ஆகும். களிமண் பிசையப்படுவதற்கு வேண்டிய அவகாசம் அங்கேதான் கிடைக்கிறது. ஆதலால் 2018-ஐத் தாங்கியது இந்த மேட்டுக்கு நற்சான்றிதழ் ஆகாது என்றேன். 1959-லேயே அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் மில்லரும் டோப்ரோவோல்னியும் இந்தக் களிமண் சரியக்கூடும் என எழுதி வைத்திருந்ததையும், 1964-இல் சரிந்த நிலத்தின் ஒரு பகுதியிலேயே இன்று வீடுகள் நிற்பதையும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் சன்னல் வழியே சேற்று வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அறையை விளிம்புப் பக்கம் விட்டு வீட்டின் முன்புறத்தில் வைத்து வரைந்தால் எவ்வளவு கூடுதலாகும் என்று கேட்டார்.