இரும்புத்தூளும் கஃபாவும்

மொதல்ல அந்த போட்டோவ பாத்தப்போ மக்காவுல கஃபா இருக்கற பள்ளிவாசல், அதான் ஹரம் ஷரீஃப், அத மேல இருந்து எடுத்ததுன்னே நெனச்சேன். நடுவுல கறுப்பா ஒரு சதுரம், சுத்தி ஆயிரக்கணக்குல பொடிப்பொடியா ஆளுங்க. கிட்ட வச்சு பாத்தா ஆளே இல்ல, எல்லாம் இரும்புத்தூள், நடுவுல இருக்கறது ஒரு காந்தம், அவ்ளோதான். ஒவ்வொரு தூளும் எந்திரிச்சு காந்தத்த சுத்தி நிக்குது.

இத செஞ்சவரு அஹ்மத் மாத்தர், 1979ல பொறந்த சவுதிக்காரர், அபஹால வளந்தவரு, படிப்பால டாக்டர். ஹஜ்ஜுக்கு போய்ட்டு வந்த தாத்தா பாட்டி கஃபா தங்கள அப்படியே இழுத்துச்சுன்னு சொன்னத கேட்டு வளந்ததா சொல்லியிருக்காரு. எங்க நன்னியும், அதான் பாட்டியும், இதே தான் சொல்லுவாங்க, "கால் தானா போச்சு வாப்பா"ன்னு. நன்னிகிட்ட போன்ல காட்டுனேன், கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு நபிமேல ஸலவாத் சொன்னாங்க. இரும்புத்தூள் நன்னின்னேன், அதுக்கென்னன்னாங்க.

மாத்தரோட எக்ஸ்ரே படங்களும் அப்படித்தான். பழைய குர்ஆன் கையெழுத்துப் பிரதிகள்ல மொத ரெண்டு பக்கத்துக்கும் தங்கத்துல பூ வேல கட்டியிருப்பாங்கல்ல, அதே மாதிரி தங்க ரேக்கு ஒட்டி, பேப்பருக்கு தேயிலை, மாதுளைச் சாயம் ஏத்தி, நடுவுல எழுத்துக்கு பதிலா ரெண்டு மனுஷங்களோட எக்ஸ்ரேய எதிரெதிரா வச்சிருக்காரு. மார்க்கமா அறிவியலான்னு சண்ட போடுறவங்க இத ஒருதடவ பாக்கணும், ஆஸ்பத்திரியில வேல பாத்த ஒருத்தருக்கு ரெண்டும் ஒரே தாள்ல ஒக்காருது.

இன்னொரு சவுதிக் கலைஞர் மனால் அல் தொவயான் 2011ல 200 வெள்ளப் புறா பொம்மைய கூரையில இருந்து தொங்கவிட்டாங்க. ஒவ்வொரு புறா மேலயும் ஒரு சவுதிப் பொண்ணு வெளிநாடு போறதுக்கு அவளோட பொறுப்பாளரா இருக்கற ஆண் கையெழுத்து போட்ட அனுமதிச்சீட்டு அச்சடிச்சிருக்கும், விஞ்ஞானி, இன்ஜினியர்னு பெரிய பெரிய பொம்பளைங்களோட சீட்டு. 21 வயசுக்கு மேல அந்த அனுமதி வேணாம்னு சட்டம் மாறுனது 2019ல தான்.

ஆனா என்ன ரொம்ப உலுக்குனது அப்துல்நாசர் கரெம் செஞ்சது. அவரு சவுதி ராணுவத்துல லெஃப்டினன்ட் கர்னலா இருந்தவரு. 1982ல சவுதியோட தென்பக்கத்துல ஒரு பள்ளத்தாக்குல வெள்ளம் வருதுன்னு ஊர்சனம் கான்கிரீட் பாலம் தானே கெட்டியா இருக்கும்னு நம்பி அதுமேல ஏறி நின்னுருக்காங்க, பாலத்தோட சேத்து தண்ணி அடிச்சிட்டு போயிருச்சு. மிச்சமிருந்த துண்டுல 2007ல ஆளுங்கள கூட்டிட்டு போயி "சிராத்"ங்கற ஒரே வார்த்தைய ஸ்ப்ரே பெயின்ட்ல திரும்பத் திரும்ப எழுதியிருக்காரு. சிராத்னா பாதை, ஒவ்வொரு தொழுகையிலயும் குர்ஆனோட மொத அத்தியாயமான அல்ஹம்து சூராவுல நேரான பாதைய காட்டுன்னு கேக்கறோமே அந்த வார்த்த, மறுமையில கடக்க வேண்டிய பாலத்துக்கும் அதே பேரு தான். தூரத்துல இருந்து பாத்தா ஏதோ கோடு மாதிரி தான் தெரியும், கிட்டப் போனா எழுத்து, எழுத்துமேல எழுத்து, பாலம் ஒடஞ்ச எடம் வரைக்கும் போயி அங்கயே நின்னுருது.