22ஆர் ஹைலக்ஸ் எஞ்சின் வேலை: ஹெட் கேஸ்கட் மேல் பழி போட்டால் உடனே நம்பாதீர்கள்

எஞ்சின் ஆயில் பால் விட்ட டீ நிறத்துக்கு வந்துவிட்டால் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எந்த கராஜில் போய் நின்றாலும், டிப்ஸ்டிக்கைப் பார்த்த மாத்திரத்தில் "ஹெட் கேஸ்கட் போச்சு" என்பார்கள், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள தகடு போய் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று. வண்டி 80களின் கடைசியில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், எஞ்சின் 22ஆர் பெட்ரோல் என்றால் அந்தப் பேச்சுக்குப் பணத்தை எடுத்து நீட்ட வேண்டாம். எங்களிடம் வந்த வண்டியின் முந்தைய ஓனர் அதை நம்பி ஹெட்டை மட்டம் தட்டி, புது கேஸ்கட்டும் போட்டிருந்தார். திறந்து பார்த்தால் கேஸ்கட் புதுக்கருக்குக் குறையாமல் இருக்கிறது. தண்ணீர் மட்டும் பழையபடி ஆயிலில்.

கோளாறு கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயினில். செயின் ஓடும் வழியில் அது ஆடாமல் பிடிக்க இரண்டு பக்கமும் கைடு உண்டு. ஓட்டுநர் பக்கத்துக் கைடு (இங்கே லெஃப்ட் ஹேண்ட் வண்டி, ஆகவே இடது) வெறும் பிளாஸ்டிக். வயதானால் உடைந்து, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழும். அதன்பின் செயின் ஆடி, அலுமினிய டைமிங் கவரின் உள்சுவரை அறுக்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வாட்டர் பம்பின் தண்ணீர் ஓடுகிறது. ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேரே சம்ப்புக்குத்தான் போகும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கம் கரகரவென்று சத்தம் வந்து சில நொடியில் அடங்கினால் அதுதான் எச்சரிக்கை. சோதிக்க ஹெட்டைக் கழற்றவே வேண்டாம். வால்வ் கவரை மட்டும் எடுத்து, செயின் இறங்கும் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். இடது கைடு இல்லையென்றால் பதில் கிடைத்துவிட்டது.

தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடிய எஞ்சினுக்குக் கவரை மட்டும் மாற்றி விடுவதில் புண்ணியமில்லை. பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிய ஆரம்பித்திருந்தது. அதனால் முழு வேலை. எஞ்சினை இறக்குவது சுலபம்; பானெட்டையும் ரேடியேட்டரையும் கழற்றினால் இடம் தாராளம்.

ஹெட்டைத் தூக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. பத்து ஹெட் போல்ட்டையும் எடுத்தாகிவிட்டது, ராக்கர் ஷாஃப்ட்டும் அதோடு வந்துவிட்டது, ஆனாலும் ஹெட் முன்பக்கம் அசையாது. கேம் ஸ்ப்ராக்கெட்டுக்கு முன்னால், டிஸ்ட்ரிபியூட்டர் கியருக்குக் கீழே, ஆயில் தேங்கிய சின்னக் குழிக்குள் ஒரு போல்ட் ஒளிந்திருக்கிறது. ஹெட்டை டைமிங் கவரோடு பிடித்திருப்பது அதுதான். துணியால் ஆயிலை உறிஞ்சி எடுத்தால்தான் கண்ணில் படும். இது தெரியாமல் கடப்பாரை போட்டு நெம்பினால் கவர் உடையும், இல்லை ஹெட் மட்டத்தில் பள்ளம் விழும். இதை முதலில் கழற்றிவிட்டு மற்றதைத் தொடுங்கள். டைமிங் கவர் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. அட்டையில் கவரின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

ஹெட்டின் மட்டத்தை இரும்பு ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வைத்து நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை பாருங்கள். 0.15 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம். அதற்குள் இருந்தால், லேத்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் தட்ட விடாதீர்கள். ஹெட் உயரம் குறையக் குறைய கேம் கீழே இறங்கும், வால்வ் டைமிங் பின்வாங்கும், கம்ப்ரெஷன் ஏறும். ஏற்கெனவே ஒருமுறை தட்டிய ஹெட் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும்.

இப்போது வயிற்றெரிச்சல். சிலிண்டர் ஸ்டாண்டர்டு அளவு 92 மில்லிமீட்டர். தேய்மானம் பார்த்து 0.50 ஓவர்சைஸ், அதாவது சிலிண்டரை அரை மில்லிமீட்டர் அகலமாக அறுத்து (இதுதான் போரிங்) பெரிய பிஸ்டன் போடுவது என்று முடிவு. பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்துத்தான் போரிங் செய்யச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் விட வேண்டிய இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெட்டியில் உள்ள தாளில் போட்டிருப்பதே சட்டம். பிஸ்டனைக் கொடுத்தோம். லேத்தில் பெட்டியில் இருந்த தாளைப் பார்க்கவே இல்லை, பழக்கக் கணக்கில் அறுத்துவிட்டார்கள். உள் அகலத்தை அளக்கும் போர் கேஜ் விட்டுப் பார்த்தால் ஒரு சிலிண்டர் அடியில் அகலம், மேலே குறுகல். "ஓடினால் சரியாகிவிடும்" என்று ஒரு சமாதானம். ஓடினால் ஆயில் குடிக்கும், அவ்வளவுதான். வாக்குவாதம் முடிந்து 1.00க்கு மறுபடி அறுத்தார்கள், கூலி வாங்கவில்லை. ஆனால் 0.50 பிஸ்டன் செட்டை ஸ்பேர் கடையில் திருப்பி எடுக்கவில்லை. பெட்டி பிரிந்துவிட்டதாம்! ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்து, அளவை பில்லில் எழுதி வாங்காமல் பிளாக்கை வண்டியில் ஏற்றாதீர்கள்.

ஸ்பேர் கவுண்ட்டரிலும் உஷார் தேவை. "22ஆர்" என்று சொன்னால் போதாது. 1983 வாக்கில் இரட்டை வரிச் செயின் போய் ஒற்றை வரி வந்தது. 1985 வாக்கில் பிளாக்கின் உயரம் குறைந்து பிஸ்டனும் மாறியது. எங்களுக்கு முதலில் எடுத்து வைத்தது இரட்டை வரி கிட். சாஸி நம்பரைக் கொடுங்கள், பழைய உருப்படியையும் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரும்புப் பட்டை வைத்த கைடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். அறுபட்ட பழைய கவரை வெல்டிங் வைத்து ஒப்பேற்றும் ஆசை வேண்டாம்.

போரிங்கிலிருந்து வந்த பிளாக்கைப் பெட்ரோலில் கழுவினால் சிலிண்டர் சுவரைத் தீட்டிய ஹோனிங் தூள் போகாது. சுடுதண்ணீர், சோப்புத்தூள், பிரஷ். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். உடனே காற்றடித்து ஆயில் பூசுங்கள். ஷார்ஜா ஈரத்துக்கு விட்டு வைத்தால் துரு ஏறிவிடும்.

பூட்டும்போது மெயின், கனெக்டிங் ராட் இரண்டு பேரிங்குக்கும் ஆயில் இடைவெளி 0.025 முதல் 0.055 மில்லிமீட்டர். பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து டைட் செய்து, கழற்றி, நூல் நசுங்கிய அகலத்தை அளக்க வேண்டும். நூல் உள்ளே இருக்கும்போது கிராங்க்கைத் திருப்பினால் அளவு பொய். மெயின் கேப் 103 நியூட்டன் மீட்டர், ராட் கேப் 69. டாப் ரிங்கின் வாய் இடைவெளி 0.25 முதல் 0.47, இதற்குக் குறைந்தால் சூட்டில் வாய் முட்டி ரிங் உடையும்.

ஹெட் போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் 78 நியூட்டன் மீட்டர் காட்டும், ஆனால் போல்ட் ஹெட்டைப் பிடித்திருக்காது. பிளாக்கே விரிசல் விடவும் செய்யும். நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றில் 78க்குப் போங்கள். செயினை மாட்டும்போது முதல் சிலிண்டர் மேலே, கேம் முனையில் துருத்தி நிற்கும் ஊசி நேர் உச்சியில். வால்வ் இடைவெளி சூடான எஞ்சினில் இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.30, குளிர்ந்திருக்கும்போது உத்தேசமாக வைத்து, ஓடிச் சூடானபின் திரும்பப் பாருங்கள்.

ஆயில் பம்ப்புக்குள் வாஸ்லின் அடைத்து மூடுங்கள். காலிப் பம்ப் சட்டென்று ஆயிலை இழுக்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டர் அடியுங்கள். லைட் அணைந்தபின்தான் பிளக்.

பிரேக்கில் ஒரு இடம் எல்லோரும் விடுவது: பின் ஆக்சிலின் மேலே, சாஸியில் உள்ள லோடு சென்சிங் வால்வ் (பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றுவது). அதற்குத் தனி பிளீடர் நிப்பிள் உண்டு. நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்தும் பெடல் பஞ்சு போல அமுங்கினால் காற்று அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

கடைசியில் பாஸிங், அதாவது பதிவுக்கான வண்டிச் சோதனை. எஞ்சின் ஒரு சொட்டு ஆயில் விடவில்லை, பிரேக் சரி, விளக்கு சரி. திருப்பி அனுப்பியது எதற்கு? சாஸி நம்பர் தெரியவில்லை என்று. துரு பிடிக்காமல் இருக்க வண்டியின் அடியில் கறுப்புக் கோட்டிங் அடித்த பெயிண்டர், வலது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டத்தில் குத்தியிருக்கும் நம்பரையும் சேர்த்து மூடிவிட்டார். அதைச் சுரண்டும்போது உளியோ கிரைண்டரோ பட்டுவிட்டால் நம்பரை அழித்ததாகச் சந்தேகம் வரும். தின்னரும் பிரஷும் மட்டும். பெயிண்ட்டுக்கு அனுப்பும் முன்பே அந்த இடத்தில் டேப் ஒட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க வாரம்-வருட எண்ணையும் பாருங்கள். பட்டை எவ்வளவு இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டிய டயருக்குப் பாஸிங் கிடையாது. முல்கியா (வண்டியின் பதிவு அட்டை) காலாவதியாகிக் கிடந்த வண்டி என்றால் ஃபைனைக் கட்டிவிட்டு இன்சூரன்ஸ் போட்ட பிறகே கவுண்ட்டருக்குப் போங்கள். சுரண்டிய நம்பர் மேல் கிரீஸ் தடவி எடுத்துப்போனால் துரு பிடிக்காது, அதிகாரி முன்னால் துடைத்துக் காட்டிவிடலாம்.