டாக்ஸ்ட்ரிங் எழுத ஏஐயை விட்டால்

டாக்ஸ்ட்ரிங், அதாவது ஒரு ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று கோடுக்குள்ளேயே எழுதி வைக்கும் விளக்கம், எழுதுவது அநேகமாக யாருக்கும் பிடிக்காத வேலை, அதனால் டெர்மினலில் ஓடும் ஏஐ கருவி ஒன்று கையில் கிடைத்ததும் பலரும் முதலில் அதன் தலையில் கட்டுவது இதைத்தான். "எல்லா ஃபங்ஷனுக்கும் டாக்ஸ்ட்ரிங் எழுது" என்று ஒரு வரி அடித்தால் கொஞ்ச நேரத்தில் ஃபோல்டர் முழுக்க எழுதித் தந்துவிடுகிறது. பார்க்க லட்சணமாகவும் இருக்கும். சிக்கலே அங்கேதான், லட்சணமாக இருப்பதை யாரும் நிறுத்திப் படிப்பதில்லை.

ஒரு உதாரணம். தொகையை முழு எண்ணாக்கும் சின்ன ஃபங்ஷன், உள்ளே பைத்தானின் ரவுண்டைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். கருவி அதன் டாக்ஸ்ட்ரிங்கில் "சரிபாதியாக இருந்தால் மேல் எண்ணுக்கு மாற்றும்" என்று எழுதி வைத்தது. பைத்தான் 3-இல் 2.5-ஐ ரவுண்ட் செய்தால் 2 வரும், 3.5-க்கு 4 வரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அது இரட்டைப்படைப் பக்கம் தள்ளும். கோடில் இப்படித் தப்பு இருந்தால் ஏதாவது ஒரு டெஸ்ட் கத்தும். கமென்ட்டை யார் ஓட்டிப் பார்க்கிறார்கள்?

ஓட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. டாக்ஸ்ட்ரிங்குக்குள் உதாரணமும் வேண்டும் என்று கருவியிடம் கேட்டு வாங்கி, பைத்தானோடு வரும் டாக்டெஸ்டில் போட்டால், எழுதிய விடையும் வந்த விடையும் பொருந்தவில்லை என்றால் அங்கேயே விழும். ரஸ்ட் மொழியில் எழுதுபவர்களுக்கு இது இன்னும் சுலபம், லைப்ரரியின் டாக் கமென்ட்டில் இருக்கும் உதாரணங்களை கார்கோ டெஸ்ட் என்ற கமாண்ட் தானாகவே ஓட்டிவிடும்.

அடுத்தது, ஏன் என்ற கேள்வி. ஒரு இடத்தில் 0.3 விநாடி தூங்கச் சொல்லும் வரி இருந்தது. கருவி என்ன எழுதும்? "0.3 விநாடி காத்திருக்கும்." அது எனக்கே தெரியுமே! காரணம் கோடில் இல்லை, பழைய கமிட் மெசேஜில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பு) இருந்தது: எதிர்ப்பக்கத்து சர்வர் அடுத்தடுத்து வரும் ரிக்வெஸ்ட்டைத் திருப்பி அனுப்புகிறது என்று. கோடின் மாற்ற வரலாற்றைக் காட்டும் கிட் லாகில் பெரிய எல் (-L) ஆப்ஷனைப் போட்டு ஃபங்ஷன் பெயரையும் ஃபைல் பெயரையும் கொடுத்தால் அந்த ஒரு ஃபங்ஷனின் வரலாறு மட்டும் வரும், அதை அப்படியே கருவிக்கு ஊட்டியபோது சரியான காரணத்தை எழுதியது. (கிளாஸுக்குள் இருக்கும் பைத்தான் மெத்தட் கிடைக்கவில்லை என்றால் கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைலில் பைத்தானுக்கான டிஃப்பை அமைத்துவிட்டுப் பாருங்கள்.) கமிட் மெசேஜெல்லாம் "ஃபிக்ஸ்", "மறுபடி ஃபிக்ஸ்" என்று இருந்தால் இந்த வித்தை பலிக்காது, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அப்புறம் இன்னொரு தொல்லை: கமென்ட் மட்டும் போடச் சொன்னால் போகிற போக்கில் கோடையும் கொஞ்சம் "சீராக்கி" விடும். டிஃப்பில் (எது மாறியது என்று காட்டும் பட்டியல்) நூற்றுக்கணக்கான பச்சை வரிகளுக்கு நடுவே மாறிப்போன ஒரு கண்டிஷனைக் கண்ணால் தேடுவது நடக்கிற காரியமா? கோடின் அமைப்பை மரம்போலப் பிரித்துத் தரும் பைத்தானின் ஏஎஸ்டி மாட்யூலில் பழைய ஃபைல், புதிய ஃபைல் இரண்டையும் பார்ஸ் செய்து, டாக்ஸ்ட்ரிங்கை உருவிவிட்டு, மீதி ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக்கொண்டேன். சாதாரண கமென்ட்டை ஏஎஸ்டி எப்படியும் கண்டுகொள்ளாது, அதனால் ஸ்கிரிப்டும் சின்னதுதான். ஒத்துப்போகவில்லை என்றால் கமிட் ஆகாது.

என்னைக் கேட்டால், இந்தக் கருவிகளைப் புதுசாக எழுத வைப்பதைவிட, இருப்பதைச் சரிபார்க்க வைப்பதுதான் லாபம். "எந்த டாக்ஸ்ட்ரிங் கோடோடு ஒத்துப்போகவில்லை, எதையும் திருத்தாமல் பட்டியல் மட்டும் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். எப்போதோ நீக்கிய பாராமீட்டர் இன்னும் விளக்கத்தில் உட்கார்ந்திருப்பது, "கிடைக்காவிட்டால் None (ஒன்றுமில்லை) திருப்பித் தரும்" என்று எழுதியிருக்க உள்ளே எக்ஸப்ஷன் எறிவது, இதையெல்லாம் நன்றாகவே பிடிக்கிறது. பட்டியலில் சிலது வீண் பழியாகவும் இருக்கும், ஆனால் அந்தந்த வரியைத் திறந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.