நன்றியுரைப் பக்கத்தின் கடைசி வரி

மெடிக்கல் காலேஜில் பி.ஜி., அதாவது மேற்படிப்பு டாக்டர்கள், எழுதும் தீசிஸ் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் புரட்டுவது நன்றியுரைப் பக்கத்தைத்தான். ரிசல்ட்ஸ் பகுதியைப் படிக்க வேண்டியதில்லை, பாதி அட்டவணைகளைப் போட்டுக் கொடுத்ததே நான்தானே. ஒரு துறையில் யாருக்கு எந்த நாற்காலி என்பதை வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைவிட இந்தப் பக்கம் தெளிவாகச் சொல்லிவிடும். டீன், வைஸ் பிரின்சிபல், எச்.ஓ.டி., கைடு, கோ-கைடு, மற்ற புரொஃபசர்கள், அசோசியேட்கள், அசிஸ்டென்ட்கள், சீனியர்கள், கூடப் படிப்பவர்கள், அம்மா அப்பா, கடவுள். அப்புறம், இடம் மிச்சம் இருந்தால், "எங்கள் ஸ்டாட்டிஸ்டிசியனுக்கும்" என்று ஒரு வரி. ஒரு தீசிஸில் என் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டிருந்தார்கள். அந்தப் பையன் மூன்று வாரம் என் எதிரிலேயே உட்கார்ந்து "மேடம், மேடம்" என்று டேட்டா பார்த்தவன்.

நான் கம்யூனிட்டி மெடிசின் துறையில் இருக்கிறேன். பழைய ஆட்கள் இன்னும் பி.எஸ்.எம். (தடுப்பு மற்றும் சமூக மருத்துவம்) என்றுதான் சொல்வார்கள். படித்தது எம்.எஸ்சி. புள்ளியியல். மெடிக்கல் கவுன்சிலின் பழைய விதிகளில் இந்த வேலைக்குப் பெயர் 'ஸ்டாட்டிஸ்டிசியன் கம் லெக்சரர்', அதாவது புள்ளியியலாளரும் விரிவுரையாளரும் ஒரே ஆள். 2020-இல் கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தாயிற்று, ஆனால் அந்த 'கம்' என்னை விட்டுப் போகவில்லை. டீ குடிக்கும்போது நான் ஃபேகல்டி, சம்பளம் போடும்போது ஸ்டாஃப். ஃபர்ஸ்ட் இயர் பசங்க வகுப்பு முடிந்ததும் வந்து, "மேடம் நீங்க எம்.பி.பி.எஸ். எங்க பண்ணீங்க?" என்று கேட்பார்கள். பண்ணவில்லை என்றதும் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும் பாருங்கள், அதற்கு ஸ்கேல் எதுவும் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

டாக்டர்கள் பக்கம் யார் என்ன செய்கிறார்கள் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எச்.ஓ.டி. கையெழுத்து போடுவார், காலேஜ் கவுன்சில் கூட்டத்துக்குப் போவார், இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல் எங்கே என்று கேட்பார். புரொஃபசர்கள் வேறு ஊர்களுக்குத் தேர்வு நடத்த எக்ஸ்டர்னலாகப் போய்வருவார்கள். துறையின் உண்மையான முதுகெலும்பு அசிஸ்டென்ட் புரொஃபசர்தான். காலையில் வகுப்பு, பதினொன்றுக்குக் கிராமப்புற மையம், மதியம் இன்டர்ன்கள் வந்தார்களா என்று பார்ப்பது, நடுவில் பதவி உயர்வுக்குத் தேவையான பேப்பர். இதோடு 2025 மே மாதத்திலிருந்து போனில் முகத்தைக் காட்டி வருகைப்பதிவு வேறு. முகம் பதிவாகவில்லை என்று வராண்டாவில் வெளிச்சம் தேடி அலையும் நாற்பது வயது டாக்டர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

என் வேலை பி.ஜி. வந்து கதவைத் தட்டுவதிலிருந்து தொடங்கும். "மேடம், சாம்பிள் சைஸ் வேணும்." ஆய்வில் எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்ற கணக்கு. இந்தியாவில் கம்யூனிட்டி மெடிசின் படித்த எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம் நாலு பிக்யூ பை டி ஸ்கொயர். பி என்பது பிரச்சினை உள்ளவர்களின் சதவீதம், க்யூ மீதிப் பேர், டி முன்னே பின்னே போகலாம் என்று விடும் அளவு. ஒரு ஊரில் நூற்றுக்கு 30 பேருக்கு அந்தப் பிரச்சினை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, 5 சதவீதம் முன்னே பின்னே போகலாம் என்றால் 4 பெருக்கல் 30 பெருக்கல் 70, வகுத்தல் 25. 336 பேர். போய்விட்டு மறுநாள் வருவார்கள். "மேடம், கைடு சார் 336 ரொம்ப அதிகம்னு சொல்றார்." சரி, எவ்வளவு முடியும்? "ஒரு எண்பது, எண்பத்தஞ்சு..." அந்த 5-ஐ 10 ஆக்கினால் 84 வந்துவிடும், அவர்களுக்கும் அது தெரிந்துதான் வந்திருப்பார்கள். ஆனால் 84 பேரை வைத்துக்கொண்டு 30 சதவீதம் என்று எழுதினால் அது 20-ஆகவும் இருக்கலாம், 40-ஆகவும் இருக்கலாம் என்று அர்த்தம். இதைச் சொன்னால், "பரவால்ல மேடம்" என்பார்கள். பரவாயில்லை என்பதற்கு நான் என்ன டெஸ்ட் போடுவது?

கடைசியில் வருவார்களே, அது இன்னொரு கூத்து. "பி வேல்யூ 0.07 வருது மேடம், கொஞ்சம் பாத்துப் போடுங்களேன்." ஏதோ மளிகைக்கடையில் விலை குறைக்கச் சொல்வதுபோல. உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்வது பி வேல்யூ, 0.05-க்குக் கீழே வந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். 0.05 என்ற கோட்டை ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் ஒரு வசதிக்காகச் சொல்லிவைத்தார். அது இங்கே டிகிரி கிடைக்குமா கிடைக்காதா என்கிற கோடாகிவிட்டது. உண்மையில் 0.07 வந்தால் தீசிஸ் ஃபெயில் எல்லாம் ஆகாது, ஆனால் இதை ஒரு பி.ஜி.யை நம்பவைக்க நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. சென்னையில் இருக்கிற தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைக் கோர்ஸை எல்லா பி.ஜி.க்களும் ஆன்லைனில் கட்டாயம் முடிக்கிறார்கள், சர்டிபிகேட்டும் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு என்னிடம் வந்து 0.07 பற்றிப் பேசுகிறார்கள்.

சரி, நன்றியுரையில் வராத ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் துறையில் ஒரு மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர் இருக்கிறார். அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், ரிடயர்மென்ட்டுக்கு ரொம்ப வருஷம் இல்லை. பி.ஜி. வீடு வீடாகப் போய் எடுத்ததாகத் தீசிஸில் இருக்கும் சர்வேயில், கதவைத் தட்டி "என்னம்மா, பையன் காய்ச்சல் சரியாயிடுச்சா?" என்று உள்ளே நுழைகிறவர் அவர்தான். பின்னால் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பவர் டாக்டர். குடும்ப வருமானம் என்று ஒரு கேள்வி இருக்கும். குடும்பத்தின் பொருளாதார நிலையை வகைப்படுத்தும் பிரசாத் ஸ்கேல் போட வேண்டுமென்றால் தலைக்கு மாதம் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். அதை நேரே கேட்டால் யார் சொல்வார்கள்? அதுவும் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்து, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஆன பிறகு, ஃபைலும் பேனாவுமாக யார் வந்தாலும் ஆயிரம் ரூபாயை நிறுத்தத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். அக்கா வருமானத்தைக் கேட்கவே மாட்டார். வேலைக்கு எத்தனை பேர் போகிறார்கள், வாரத்தில் எத்தனை நாள், பையன் எந்த ஸ்கூல், ஃபீஸ் எவ்வளவு, குழுக் கடன் தவணை எவ்வளவு என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு, வெளியே வந்து ஒரு தொகையைச் சொல்வார். அதைத்தான் படிவத்தில் எழுதுவார்கள். புள்ளியியல் படித்தவளாக இதை நான் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நேரே கேட்டு வாங்கிய எண்களோடு வைத்துப் பார்த்தால் எதை நம்புவேன் என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஒரு ரத்தசோகை டேட்டா. ஹீமோகுளோபின் பத்தியில் ஒரு பெண்ணுக்கு 2.1 என்று இருந்தது. உயிருக்கே ஆபத்தான அளவு. பி.ஜி.யிடம் கேட்டேன். எக்செல்லில் அப்படித்தான் இருக்கு என்றார், எக்செல்லில் இருப்பதால்தானே கேட்கிறேன். படிவத்தில் எழுத்து கலங்கியிருந்தது. அப்போது ரிஜிஸ்டர் வைக்க வந்த அக்கா வீட்டு நம்பரைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணா? நாம போனப்ப ரெண்டு குடம் தண்ணி தூக்கிட்டு வந்துச்சே, 2.1 வெச்சுக்கிட்டு எப்படித் தூக்கும்?" என்றார். லேப் டெக்னீசியனின் நோட்டைத் தேடி எடுத்தால் 12.1. முதல் '1' எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. அந்த ஒரு வரி திருத்தப்பட்டது, சராசரி கொஞ்சம் நகர்ந்தது, தீசிஸ் பைண்டிங்குக்குப் போனது. நன்றியுரையில் கடவுள் இருந்தார்.

வேன் டிரைவரைப் பற்றியும், சனிக்கிழமை கேம்ப்புக்கு வெள்ளிக்கிழமையே ஊர்த்தலைவரிடம் பேசிவைக்கும் ஹெல்த் இன்ஸ்பெக்டரைப் பற்றியும் தனியாக எழுத வேண்டும். இதிலேயே எழுதினால் நீண்டுவிடும்.

இந்த வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். ஃபைனல் இயர் பி.ஜி. ஒருவர் அட்டவணைகளை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "நன்றியுரையில என் பேர் வேணும்னா விட்டுடுங்க டாக்டர், அக்கா பேரைப் போடுங்க" என்றேன். நல்ல பெண், உடனே போனை எடுத்து டைப் செய்ய ஆரம்பித்தாள். "கண்டிப்பா மேடம். அவங்க இனிஷியல் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. ஏழு வருஷமாக அடுத்தடுத்த மேசை. அக்காவுக்கே போன் போட்டேன்.

"இனிஷியலா? எதுக்கு மேடம், ஏதாவது டிரான்ஸ்ஃபர் வந்திருக்கா?"