அம்மாவின் கிட்னிக்கு ராத்திரி டூட்டி

மார்ச் 4
அம்மாவின் கிட்னியை எனக்கு வைத்த ஆபரேஷன் முடிந்து 18 நாள். வீட்டுக்கு வந்தும் யூரின் அளக்கும் குவளை விடவில்லை. நேற்று காலை 6 முதல் மாலை 6 வரை 1,150 மில்லி. அங்கிருந்து இன்று காலை 6 வரை 1,600. எட்டு முறை போயிருக்கிறேன், அதில் ஐந்து முறை தூக்கத்திலிருந்து எழுந்து. ஆனாலும் புகார் இல்லை. டயாலிசிஸில் கிடந்த மூன்று வருடம் நாளுக்கு அரை டம்ளர் வந்தாலே அதிசயம்.

மார்ச் 7
நோட்டைப் பார்த்து டாக்டர் சிரித்தார். பகலில் நன்றாக வடிகட்டி, உப்பையும் வெளியேற்றி, ராத்திரி அடங்குவதுதான் கிட்னியின் வழக்கமாம். எனக்குத் தலைகீழ். பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. ரத்தக்குழாயையும் யூரின் குழாயையும் தைத்து இணைப்பார்கள், கிட்னியின் அறுபட்ட நரம்பை இணைப்பதில்லை; அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம். சும்மா கிடந்த மூத்திரப்பையும் சுருங்கிவிட்டது. 200 மில்லி சேர்ந்தாலே முட்டுகிறது.

அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "நான் நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிறவ. என் கிட்னி மட்டும் தூங்குமா?"

மார்ச் 11
சொதப்பிவிட்டேன். புது கிட்னியை உடம்பு நிராகரிக்காமலிருக்கத் தரும் மாத்திரை டாக்ரோலிமஸ், காலை 9, இரவு 9. ரத்தத்தில் அதன் அளவு பார்க்க, ராத்திரி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் விழுங்கிவிட்டு லேபில் போய் நின்றேன். இரண்டு பஸ் மாறிப் போனது வீண். ராத்திரி வேளை மருந்து காலை அளவுக்கு உடம்பில் சேராதாம், அதற்கும் ஒரு கடிகாரம். ஸ்டீராய்டு காலையில் மட்டும். உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசாலும் விடிகாலையில்தான் உச்சத்துக்குப் போகிறது.

மார்ச் 20
24 மணி நேர பிரஷர் மிஷின். ராத்திரி முழுக்கக் கையை இறுக்கி இறுக்கி விட்டது. தூக்கத்தில் பத்து சதவீதமாவது இறங்க வேண்டுமாம். எனக்குப் பகல் 138, ராத்திரி 136. மாற்று கிட்னிக்காரர்களில் பலருக்கு இப்படித்தான் என்றார்கள். சரி, உப்பை இன்னும் குறைக்கிறேன்.

ஏப்ரல் 2
யூரின் குழாய்க்குள் வைத்திருந்த ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை எடுத்தாகிவிட்டது. அப்பாடா, அந்தக் குத்தல் இல்லை.

ஏப்ரல் 19
பகல் 1,480, ராத்திரி 1,150. நேற்று முதல் முறையாகப் பகல் ஜெயித்தது. தூக்கத்தில் எழுந்தது இரண்டே முறை. இரண்டாவது முறை எழுந்தபோது வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம். வாளி தூக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால் அம்மா சொம்பில் மொண்டு மொண்டு தெளித்துக்கொண்டிருந்தாள். நான் 310 என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.